பட்டறையின் காது

அந்தப் பட்டறையில் மூன்று பேர். மூத்தவர் காது, இளையவர் கை, தங்கை வாய் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். மூளை யாரென்று ஒருவரும் கேட்பதில்லையே என்று தங்கை அடிக்கடி அலுத்துக்கொள்வாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பது மூத்தவரின் எண்ணம். காது இருக்கும் இடத்தில்தானே மூளையும் இருக்கிறது.

மூத்தவருக்கு அறுபத்தாறு வயது. அவர் முதுகு இதுவரை எந்த நாற்காலியின் சாய்மானத்தையும் தொட்டதில்லை. கார் பட்டறை வைத்திருப்பவர் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாமல் வாழ்ந்துவிட முடியும் என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி. காலையில் தேய்த்து மடித்த முழுக்கைச் சட்டை மாலையிலும் அப்படியே இருக்கும். ஸ்பேனர் பிடிப்பது தம்பியின் வேலை. அவருடைய வேலை, கேட்பது.

வண்டியில் ஏதோ சத்தம் என்று யாராவது வந்தால், ஓட்டுபவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவார். இரண்டு கையும் முழங்காலில். கண் மூடிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு விரல் மேலே எழும். விரல் எழுந்தால் வண்டியை நிறுத்திவிடலாம். "பெல்ட்" என்பார். அல்லது "சைலன்சர் கிளாம்ப்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆறு மாதமாக மூன்று பட்டறைகள் தேடித் தோற்ற ஒரு சத்தத்தை, பின் கதவுக்குள் உருளும் கோலிக்குண்டு என்று அவர் சொன்னதும், கதவைக் கழற்றியபோது பச்சைக் கோலி ஒன்று உருண்டு வந்து அவர் செருப்பருகே நின்றதும் உண்மை. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர் மேசைக்கு இடப்பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசர் நின்றது. முப்பத்தொரு வருடமாக அதே இடம். அது ஓடும்போது மேசை மேலிருக்கும் பேனா மெதுவாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் மூத்தவர் திரும்ப மாட்டார். பெரிய மனிதரின் தோரணை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் நிற்பார்கள். நாளடைவில் அதுவே அந்தப் பட்டறையின் மரியாதை ஆகிவிட்டது. புதிதாக வந்த டயர் வியாபாரி ஒருவர்கூட மூன்று முறை இடப்பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்து, பயந்துபோய், வலப்பக்கம் வந்து கும்பிட்டார்.

பட்டறைக்கு ஒரு விதியும் உண்டு. வேலை சரியில்லை என்று ஒரு வண்டி திரும்பி வந்தால், தப்புச் செய்தவரே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் நின்றபடி "தப்பு என்னுது" என்று சொல்ல வேண்டும். அதுவரை உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, காரணம் சொல்லவே கூடாது. விதியைப் போட்டவர் மூத்தவர். இளையவர் இரண்டு முறை போய் வந்திருக்கிறார், தங்கை ஒரு முறை. மூத்தவருக்குப் போக வேண்டி வந்ததில்லை.

இப்படியிருக்கையில்தான் சம்பந்தியின் வண்டி வந்தது.

சம்பந்தி பல் மருத்துவர். மூத்தவரின் ஒரே மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே நாள் முழுவதும் பேசிப் பழகியதால், எவரையும் கேலி செய்யலாம் என்ற துணிச்சல் அவருக்கு வந்துவிட்டிருந்தது. பெண் கொடுத்த இடம் என்பதால் மூத்தவர் அந்தக் கேலிகளை விழுங்கிக்கொள்வார். விழுங்குவாரே தவிர, ஒன்றும் செரித்ததில்லை.

"அம்பதுக்கு மேல போனா ஒரு தேனீ கூடவே வருது, சம்பந்தி," என்றார் பல் மருத்துவர். "எழுபதுல தேன்கூடே வருது."

இளையவர் ஓட்ட, மூத்தவர் பக்கத்தில் கண்மூடி உட்கார, சம்பந்தி பின்னால் ஏறிக்கொண்டார். நீளச் சாலைக்கு வந்து வேகம் கூட்டியதும் அந்த ரீங்காரம் எழுந்தது. அடித்தொண்டையில் ஒருவர் விடாமல் முனகுவது போன்ற சத்தம். வளைவுகளில் அது கூடிக் குறைந்தது. மூத்தவரின் விரல் உயர்ந்தது.

"வலது முன் சக்கரம். பேரிங்."

இளையவர் சற்றுத் தயங்கினார். வலப்பக்கம் திரும்பும்போதுதான் சத்தம் கூடுகிறது, அப்படித் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல்தானே விழும், அப்படியானால் இடதாக இருக்குமோ என்று மெல்லக் கேட்டார். மூத்தவர் கண்ணைத் திறக்கவில்லை. கேள்வி காதில் விழுந்ததற்கான அடையாளம் முகத்தில் இல்லை. சம்பந்திதான் பின்னாலிருந்து தலையை நீட்டினார். தன்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் மேல் பல்லைக் காட்டுவார்கள் என்றும், கருவியால் தட்டிப் பார்த்தால் வலி கீழ்ப் பல்லில் இருக்கும் என்றும், எதற்கும் ஒரு முறை தட்டிப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார்.

"பல் பேசாது, சம்பந்தி," என்றார் மூத்தவர். "சக்கரம் பேசும்."

அதற்குப் பிறகு தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் சுழற்றிப் பார்க்கலாம்தான். மற்ற பட்டறைகளில் பார்க்கிறார்கள். இங்கே மூத்தவர் சொன்ன பிறகு சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பது, அவர் ஒட்டிக் கொடுத்த கடிதத்தைத் தபால்காரர் பிரித்துப் படிப்பதற்குச் சமம்.

இளையவர் வேலையைத் தொடங்கினார். சக்கரம் தரையில் இருக்கும்போதே அச்சின் நடு நட்டைத் தளர்த்தினார். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரமும் கூடச் சுற்றும், ஆளையும் சுற்றவைக்கும். பிறகு ஜாக் வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினார். டிஸ்க் வந்தது, சக்கரத்தைத் தாங்கும் கனத்த இரும்பு வந்தது. அதை அழுத்து இயந்திரத்தில் வைத்து, சக்கரம் மாட்டும் ஹப்பைத் தள்ளினார். பேரிங்கின் உள்வளையம் வழக்கம்போல ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உளி வைத்துப் பக்குவமாகப் பிரித்தார். பூட்டு வளையத்தை எடுத்துவிட்டு வெளிவளையத்தை அழுத்தி வெளியே தள்ளினார்.

கழன்று வந்ததைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். குண்டுகள் கண்ணாடிபோல் மின்னின. அவை ஓடும் தடத்தில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. அண்ணனிடம் கொண்டுபோனார், வலப்பக்கமாகத்தான்.

"இதுல ஒரு புள்ளி கூட இல்லண்ணா."

"புள்ளி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கறதுதான்டா நம்ம பட்டறை."

இளையவர் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். புது பேரிங்கை எடுத்தார். பொருத்தும்போது வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழுகிறதா என்று பார்த்தார். உள்வளையத்தை அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பதிந்துவிடும், புதுசே பழசாகிவிடும். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரி படிக்கிற, பேரிங்கின் காந்தப் பக்கம் சரியாக உள்ளே பார்த்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். எல்லாம் முடிந்து, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, இறுக்கத்தின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் நடு நட்டை முறுக்கினார். ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் கையை எடுத்துவிட்டார். தன் பங்குக்கு ஓர் அழுத்து கூடக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்படி ஒரு கை அது.

அன்று பார்த்து நீளச் சாலையை வெட்டிப்போட்டிருந்தார்கள். ஓட்டிப் பார்க்கப் போன வண்டி முப்பதைத் தாண்ட முடியவில்லை. தேனீயோ ஐம்பதுக்கு மேல்தான் வரும். நாளைக்கு வேறு சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றாள் தங்கை. மூத்தவர் தன் காது ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துவிட்டது என்றார். வண்டி போயிற்று.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தது.

சம்பந்தி இறங்கும்போதே முகத்தில் ஒரு மலர்ச்சி. வேறு யாராவது இப்படி வந்தால் கோபமாக வருவார்கள். இவர் பரிசு வாங்க வந்தவர் மாதிரி வந்தார்.

"தேனீ போகல, சம்பந்தி. குட்டி போட்டிருக்கும்னு நினைக்கறேன்."

பட்டறையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கம்ப்ரசர் ஓடவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அது ஓடுவதே இல்லை. சம்பந்தி மேலும் சொன்னதாவது: நாளை மறுநாள் குடும்பத்தோடு முந்நூறு கிலோமீட்டர் போகிறார்கள், ஓட்டப் போவது மருமகள், அதாவது மூத்தவரின் மகள். அதனால்தான் வந்தார். இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தோடேயே இருந்திருப்பார், பழகிவிட்டது, பாட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது.

மூத்தவருக்குக் காது மடல் சூடேறியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்பட்டார்.

"நான் சொன்ன சக்கரம் சரிதான். மாட்டும்போது தம்பிக்குக் கை தவறியிருக்கும். உள்வளையத்துல அழுத்தம் விழுந்தா புதுசும் கத்தும்."

சொல்லி முடித்ததும், சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் பந்தல் கால் ஊன்றியாகிவிட்டது, பிடுங்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். சம்பந்தி இளையவரைப் பார்த்தார். இளையவர் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்கள் அவை.

சம்பந்தி நடந்தே கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை மூத்தவர் நிமிர்ந்து நின்றார். பிறகு, வலது சக்கரத்தைத் திரும்பக் கழற்றச் சொன்னார்.

"மாட்டேன்," என்றார் இளையவர்.

ஐம்பத்தெட்டு வயதில் அண்ணனிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்னவருக்கே அது யாருடைய குரலோ போல் இருந்திருக்க வேண்டும், ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"விதிப்படி நான் போய் நிக்கறேன். தப்பு என்னுதுன்னும் சொல்றேன். ஏற்கெனவே ரெண்டு தடவை நின்ன காலுதானே. ஆனா நல்லா இருக்கற பேரிங்கை இன்னொரு தடவை பிடுங்கறதுக்கு என் கை வராது."

மூத்தவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை உதிரிபாக அறையிலிருந்து வந்தாள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். அண்ணன் சொல்வது சரியென்றால் அதே சக்கரம் மறுபடியும் பேசும், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. மூத்தவருக்கு இது நியாயமாகப் பட்டது. முன் இருக்கையில் ஏறப் போனார். அங்கே ஒரு பேட்டரி உட்கார்ந்திருந்தது. அது போகிற வழியில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது என்று, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தங்கை சொன்னாள். பின் இருக்கையைப் பார்த்தார். அது மடக்கிக் கிடந்தது, மேலே இளையவர் ஏறி ஒரு மூலையில் குந்தியிருந்தார். மிச்சம் இருந்தது டிக்கி வரை நீண்ட சாமான் வைக்கும் இடம்.

"பின்னாடி திரும்பி உக்காருங்கண்ணா. காலை நீட்டிக்க வசதியா இருக்கும்."

"நான் என்ன மூட்டையா?"

"மூட்டை சாஞ்சு உக்காரும். நீங்க நேராத்தானே உக்காருவீங்க."

இப்படியாக, அந்தக் குடும்பத்தின் மூத்தவர், தேய்த்த முழுக்கைச் சட்டையோடு, சம்பந்தி வண்டியின் பின் கண்ணாடியைப் பார்த்தபடி, முதுகு வளையாமல், ஊர்வலம் போனார். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் முதலில் கையசைத்தார், பிறகு ஆளை அடையாளம் தெரிந்து கையை இறக்கிக்கொண்டார். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலைக்காக மட்டும்தான் மூடினார் என்று சொல்ல முடியாது.

சாலையைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். வேகம் ஏறியது. ரீங்காரம் எழுந்தது. தெளிவாக, ஐயமில்லாமல், வலது காதுப் பக்கம். ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் அவருக்கு மூச்சு வந்தது.

"கேட்டுச்சா? இந்தப் பக்கம்தான்." வலக் கையால் வண்டியின் பக்கவாட்டைத் தட்டினார். "அன்னைக்கு எங்க கேட்டுச்சோ அங்கயேதான் கேக்குது."

தங்கை வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிப் பின்பக்கம் வந்து டிக்கிக் கதவைத் தூக்கினாள். பிறகு அவர் தட்டிய பக்கத்தில் போய், வெளியிலிருந்து அதே இடத்தைத் தட்டினாள்.

"இதானே அண்ணா?"

"அதேதான்."

"இது வண்டிக்கு இடப்பக்கம்."

மூத்தவர் அவளைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்த்தார். தன் வலக் கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு முன்னாடி பாத்து உக்காந்தீங்க, சத்தம் வண்டிக்கு வலது பக்கம் இருந்துச்சு. இன்னைக்குப் பின்னாடி பாத்து உக்காந்தீங்க, சத்தம் இடது பக்கம் போயிடுச்சு. சக்கரம் இடம் மாறுமா அண்ணா?" அவள் குரல் தணிந்தது. "உங்களோட சேந்துல்ல வருது அது."

உள்ளே மூலையிலிருந்த இளையவர், "செவிடன் காதுல..." என்று ஏதோ பழமொழியைத் தொடங்கி, பாதியில் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு, முன் இருக்கைப் பக்கம் எட்டி, பேட்டரியின் முனைகளை ஆராயத் தொடங்கினார்.

மூத்தவர் மெல்லத் தன் வலக் கையின் சுட்டுவிரலை எடுத்து வலக் காதில் வைத்து அடைத்தார்.

தங்கையின் உதடுகள் அசைந்தன. பேருந்து ஒன்று கடந்து போனது, அது போன காற்று முகத்தில் அடித்தது. எங்கோ தொலைவில், கிணற்றடியில் கேட்பதுபோல, ஏதோ உறுமிற்று. அவ்வளவுதான். விரலை எடுத்தார். உலகம் திரும்பி வந்தது. மறுபடி அடைத்தார். போயிற்று. மூன்றாவது முறையும் அடைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

தங்கையைப் பார்த்து, "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?" என்றார்.

சந்தேகம் நாலு வருடமாக என்றாள் தங்கை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாதது கௌரவம் என்று எல்லோரும் நினைத்ததால், தானும் பாதி நம்பிவிட்டாள். நேற்று, ஓடாமல் நின்ற கம்ப்ரசர் பக்கமிருந்து, "அண்ணா, பட்டறை பத்திக்கிச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாளாம். அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாராம்.

பட்டறைக்குத் திரும்பும்போதும் அவர் டிக்கியிலேயே உட்கார்ந்து வந்தார். பேட்டரியை நகர்த்தி இடம் தருகிறேன் என்று தங்கை சொன்னதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார்.

இளையவர் வண்டியின் இடது முன் பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் தெரியவில்லை. பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். வலப்பக்கம் வந்து கூப்பிட்டார், அதைக் கவனித்துக்கொண்டே மூத்தவர் எழுந்தார். தம்பி, சக்கரத்துக்கு மேலேயுள்ள சுருள் ஸ்பிரிங்கைக் காட்டி அதில் கையை வைக்கச் சொன்னார். கரிப்பிடித்த, சேறு காய்ந்த ஸ்பிரிங். மூத்தவர் சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. பிடித்தார். இளையவர் சக்கரத்தைச் சுழற்றினார்.

ஸ்பிரிங் நடுங்கியது. உள்ளே எங்கோ மணலை அரைப்பதுபோல் ஒரு சொரசொரப்பு, விரல்களில் ஏறி மணிக்கட்டு வரை வந்தது. ஓசையே தேவையில்லை. வண்டியின் மறுபக்கம் போய், சில நாட்களுக்கு முன் தம்பி மாட்டிய வலது சக்கரத்தைத் தூக்கி, அதன் ஸ்பிரிங்கைப் பிடித்தார். தம்பி சுழற்றினார். சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. ஸ்பிரிங்கில் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. பாலாடைமேல் விரல் வைத்ததுபோல் இருந்தது. இப்படி மாட்டியவனைத்தான் ஊரார் முன்னால் கை தவறியவன் என்று சொன்னோம் என்று நினைத்தார். அந்த நினைப்பு, காது போனதைவிடக் கனமாக இருந்தது.

அன்று மாலைக்குள் இடது பேரிங் மாறியது. மூத்தவர் டார்ச் பிடித்தார். வெளியே வந்த பேரிங்கின் தடத்தில் இளையவர் நகம் வைத்ததும் கடகடவென்று தடுக்கியது. அவர் அதைக் காட்டவில்லை, கேட்டபோது மட்டும் நீட்டினார். தடம் முழுக்க அம்மை வடுப்போல் குழிகள். இருட்டுமுன் மூவரும் நீளச் சாலையில் எண்பதில் போய் வந்தார்கள். ரீங்காரம் இல்லை. இல்லை என்று தம்பியும் தங்கையும் சொன்னார்கள். மூத்தவர் வண்டியின் தரைப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை இளையவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, பலகையிலிருந்த சாவியை எடுத்தார். சம்பந்தியிடம் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்றார். பெண் வாழும் வீடு. அங்கே அண்ணன் போய் நின்றால் நாளைக்கு மகளுக்கும்தானே கேலி. தனக்கு அப்படி ஒன்றும் குறைந்துவிடாது, ஒரு நிமிட வேலை.

"உங்களுக்கு நிக்கவும் தெரியாதுண்ணா. நீங்க நின்னா, எதிர்ல இருக்கறவர் தப்புப் பண்ணின மாதிரி இருக்கும்."

தங்கை சிரிப்பை அடக்க ரசீதுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். மூத்தவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. தம்பி சொல்வதில் ஒவ்வொன்றும் வெண்ணெய்போல் இறங்கியது. இவ்வளவு காலம் கட்டிக்காத்த பெயர். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அது இன்னொரு முப்பது வருடம் நிற்கும். ஆனால் எதன்மேல் நிற்கும்? தம்பியின் தலைமேல் நிற்கும். அதற்குப் பெயர் குடும்ப கௌரவம் இல்லை. சுமை தூக்குகிறவனின் கூலியைத் திருடுவது.

கையை நீட்டினார். இளையவர் சாவியைக் கொடுத்தார்.

சம்பந்தியின் மருத்துவமனை இரண்டு அறைகள். முன் அறையில் நாலு நாற்காலி, உள்ளறையில் ஒன்று, படுக்கிற நாற்காலி. அதில் ஒரு பருத்த மனிதர் வாயைப் பிளந்து கிடந்தார். சம்பந்தி முகமூடி போட்டுத் துளையிட்டுக்கொண்டிருந்தார். கண் மட்டும் மேலே வந்தது. உட்காரச் சொல்லி ஒரு முக்காலியைக் காட்டினார். மூத்தவர் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்ற சைகைக்கும் தலையசைத்தார். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை, நிமிர்ந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னார்.

துளையிடும் கருவி நின்றது.

"என்ன சொன்னீங்க? இது ஓடும்போது ஒண்ணும் கேக்காது."

விதியில் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. மூத்தவர் மறுபடி சொன்னார்.

"தப்பு என்னுது. தம்பி மாட்டினதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பான சக்கரத்தைச் சொன்னேன். என் இடது காது கேக்கல. எனக்கே நேத்துதான் தெரியும்."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்கள் காரணத்தில் சேருமா என்ற ஐயம் அவருக்கே வந்தது. காரணம் சொல்வது விதிக்குப் புறம்பு. ஆனால் சொல்லியாகிவிட்டது. சாவியை மருந்துப் பஞ்சு வைத்திருந்த தட்டின் ஓரத்தில் வைத்தார். கேலிக்காகக் காத்து நின்றார். முதுகு வழக்கத்தைவிடவும் நேராக இருந்தது.

சம்பந்தி முகமூடியை இறக்கினார். வாய் திறந்தது, மூடியது. பல் மருத்துவருக்குச் சொல் கிடைக்காமல் போனதை மூத்தவர் அன்றுதான் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மருமகளிடம் இதைத் தானே சொல்வதா, அப்பா சொல்வாரா. அப்பாவே சொல்வார் என்றார் மூத்தவர். நல்லது, காதுக்கு நல்ல மருத்துவர் ஒருவரை எனக்குத் தெரியும், பயணம் முடிந்து வந்ததும் நானே கூட்டிப் போகிறேன் என்றார் சம்பந்தி. அப்போதுதான் மூத்தவர் முக்காலியில் உட்கார்ந்தார். தண்ணீரும் கேட்டார்.

படுத்திருந்த பருத்த மனிதர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை. திடீரென்று கையைத் தூக்கினார். வாய் நிறையப் பஞ்சோடு, மூத்தவரைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். நடுவில் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினார்.

மூத்தவர் குனிந்தார். அந்த மனிதர் திரும்பச் சொன்னார். மூத்தவரின் முகம் மெல்ல வெளுத்தது. முக்காலியை நகர்த்தினார், வலக் காதை அவர் வாயருகே கொண்டுபோனார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்தக் காதும் போய்விட்டதா?

சம்பந்தி அவர் தோளில் கை வைத்தார்.

"இது உங்க காது இல்ல, சம்பந்தி. அவர் வாய். எனக்கும் ஒண்ணும் புரியல."

மூத்தவர் நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. ஆனால் சம்பந்தி பஞ்சை எடுத்துவிட்டு, என்ன சத்தம், எந்தச் சக்கரம் என்று அந்த மனிதரிடம் விசாரிக்கத் தொடங்கியதும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதெல்லாம் அவரு சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன். பட்டறைக்குக் கொண்டு வரட்டும். நாலு சக்கரத்தையும் தூக்கி வச்சு, என் தம்பி சுத்திப் பாத்துட்டுச் சொல்லுவான்."